சிறிய கடல்நீர் மீன்தொட்டிக்கு ஃபில்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நன்னீர் மீன் சில வருடம் வளர்த்தவர்களுக்கு ஒரு நாள் அந்த ஆசை வரும். சென்னை கொளத்தூரின் மீன் கடை ஒன்றில் நீல வெளிச்சத்தின் கீழே ஒரு ஜோடி கோமாளி மீன் உடம்பை நெளித்துக்கொண்டு நிற்கும். வீட்டிலோ இரண்டடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கும். "இதுக்கு எந்த ஃபில்டர் போடணும்ணே?" என்று கடைக்காரரைக் கேட்போம். அவரும் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். சிறிய கடல்நீர்த் தொட்டிகள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே வழி தவறிவிடுகின்றன.

இந்த வழிகாட்டிக்கு ஒரு தொட்டியை முன்னால் வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம். கணக்குப்படி 96 லிட்டர். ஆனால் விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. மணலும் பாறையும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் உள்ளே இருப்பது சுமார் 75 லிட்டர் தண்ணீர். எல்லாக் கணக்கையும் இந்த 75-ஐ வைத்தே போடுங்கள், தொட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை வைத்து அல்ல.

எந்தச் சாதனத்தைக் கையில் எடுத்தாலும் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். கரண்ட் போனால் இது என்ன செய்யும்? இதைத் திறந்து கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? பெட்டியில் அச்சடித்திருக்கும் எந்த எண்ணைவிடவும் இந்த இரண்டு பதில்களும் முக்கியம்.

கடல்நீர் ஏன் வேறு?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். இது நன்னீர்த் தொட்டியிலும் நடப்பதுதான். ஆனால் கடல்நீரின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8.2 பக்கம் இருக்கும். அந்த அளவில், அதே அமோனியாவில் நச்சான பங்கு பிஹெச் 7-இல் இருப்பதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் ஒரு சிறு தவறை இங்கே தாங்காது.

அடுத்தது ஆக்சிஜன். 28 டிகிரி வெப்பத்தில் நன்னீர் ஒரு லிட்டரில் 7.8 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீர் பிடிப்பது சுமார் 6.4 மட்டுமே. நம் ஊர் வெயிலில் இது இன்னும் குறையும். அதனால் ஃபில்டர் அழுக்கை எடுத்தால் மட்டும் போதாது, தண்ணீரின் மேற்பரப்பையும் ஓயாமல் கலக்கிவிட வேண்டும்.

படி 1: பாறையிலிருந்து தொடங்குங்கள்

கடல்நீர்த் தொட்டியில் பாறைதான் முதல் ஃபில்டர். துளைகள் நிறைந்த பாறையின் மேற்பரப்பில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குடியேறும். ஆக்சிஜன் எட்டாத ஆழமான துளைகளில் நைட்ரேட்டை வாயுவாக மாற்றும் வேறு பாக்டீரியாக்கள் வாழும். இந்த இரண்டாவது வேலையைக் கடையில் விற்கும் சாதாரண ஃபில்டர்கள் செய்வதில்லை.

கடலிலிருந்து எடுத்த பவளப்பாறையைத் தேடிப் போகாதீர்கள். இந்தியாவில் பாறையை உருவாக்கும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலியோடு ஒரே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் அந்தப் பாறைகளுக்கு ஏற்கெனவே போதுமான துன்பம் உண்டு, நம் வரவேற்பறைக்காக இன்னொரு துண்டு உடைய வேண்டாம். செராமிக் பாறை நன்றாகவே வேலை செய்கிறது. பவளத் தொடர்பில்லாத, துளைகள் நிறைந்த உலர் பாறை கிடைத்தால் அதுவும் போதும். பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

75 லிட்டருக்கு 6 முதல் 8 கிலோ பாறை போதும். கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு எடை குறைவாக இருந்தால் உள்ளே துளைகள் அதிகம் என்று பொருள். அடுக்கும்போது சுவர் எழுப்புவதுபோல நெருக்கி வைக்காமல், பின்பக்கக் கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே கை நுழையும் இடம் விடுங்கள். அங்கே தண்ணீர் ஓடாவிட்டால் அழுக்கு தேங்கும்.

படி 2: முக்கிய ஃபில்டர் எது?

இதில்தான் குழப்பம் அதிகம், பணம் வீணாவதும் இதில்தான்.

தொட்டியின் பின்விளிம்பில் தொங்கவிடும் ஹேங் ஆன் ஃபில்டர்தான் இந்த அளவுத் தொட்டிக்கு என் முதல் தேர்வு. மேல்மூடியைத் தூக்கினால் போதும், பஞ்சு கைக்கு வந்துவிடும். மாற்ற இரண்டு நிமிடம். அருவிபோல விழும் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும். மணிக்கு 400 முதல் 600 லிட்டர் வரை ஓடும் மாடல் போதும். வாங்கும்போது மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்கும் மோட்டார் என்றால், கரண்ட் போய் வந்ததும் தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் சில மாடல்களில் நாம் கையால் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினால்தான் ஓடும். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அதை யார் செய்வது?

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே 12 முதல் 15 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய பிறகு தொட்டியை நகர்த்த முடியாது.

கேனிஸ்டர் ஃபில்டர் என்பது தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாய்களால் இணைக்கும் மூடிய டப்பா. பார்க்க கம்பீரமாக இருக்கும், சத்தமும் வராது. நன்னீரில் எனக்கு மிகவும் பிடித்த சாதனம் அது. அந்த நம்பிக்கையில்தான் என் முதல் கடல்நீர்த் தொட்டிக்கும் அதையே மாட்டினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் ஒன்றரை நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் போட்டு மீன்களைக் காப்பாற்றி வைத்திருந்தேன். கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில் எல்லா சுவிட்சையும் போட்டேன். கேனிஸ்டரின் குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகைபோல தண்ணீர் வந்தது, கூடவே அழுகிய முட்டை நாற்றம். மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியாக்கள் செத்து, அழுகி, ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகியிருக்கிறது. புயலைத் தாண்டிய மீன்கள் அன்றிரவைத் தாண்டவில்லை.

கேனிஸ்டரே கூடாது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து கழுவுங்கள். மூன்று மாதம் மூடியே வைத்தால் அது நைட்ரேட் தயாரிக்கும் டப்பாவாகிவிடும். கரண்ட் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால், திறந்து உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை, அதாவது உள்ளே நிரப்பிய ஸ்பாஞ்சையும் வளையங்களையும், அலசிவிட்டுத்தான் மறுபடி ஓடவிட வேண்டும்.

சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி. மேலிருந்து வழிந்து வரும் தண்ணீரை ஒரு பம்ப் மறுபடி மேலே ஏற்றும். தண்ணீரின் மொத்த அளவு கூடும், ஹீட்டர், நுரையால் அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர் (படி 4) எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விடும். வசதி உள்ளவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் போடாமல் இறங்காதீர்கள். நம் தொட்டியின் பரப்பு 60-க்கு 40. நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 2.4 லிட்டர் கீழே வரும். மேலே தண்ணீர் ஏற்றும் குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், கரண்ட் போன நொடியில் அதே குழாய் தண்ணீரைத் தானாகத் திருப்பி உறிஞ்சும் சைஃபன் ஆகி 12 லிட்டரைக் கீழே இறக்கிவிடும். சம்பில் அதற்கு இடம் இல்லையென்றால் உப்புத் தண்ணீர் தரையில்தான். குழாய் வாயை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். சம்பை நிரப்பியதும் நீங்களே சுவிட்சை அணைத்து, எங்கே வந்து நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் துளை போடாமல் விளிம்பில் மாட்டும் சைஃபன் பெட்டிகளை நான் நம்புவதில்லை. உள்ளே காற்று புகுந்து சைஃபன் அறுந்தால் கீழேயுள்ள பம்ப் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சம்ப் பம்ப் வாங்கும்போது பெட்டியில் 'ஹெச்-மேக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். அது 1.5 மீட்டர் என்றால், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். அந்த உயரம் வரை நன்றாக ஓடும் என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நமக்கு மேலே வந்து விழ வேண்டியது மணிக்கு 225 முதல் 375 லிட்டர். அதைக் கொடுக்கும் பம்பாகப் பாருங்கள்.

காற்றுக் குமிழில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டிக்குப் போதும். அதற்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரளைக்கு அடியில் பரப்பும் பிளேட் ஃபில்டரை இன்னும் சில கடைகளில் தள்ளிவிடுகிறார்கள், வாங்காதீர்கள். மெல்லிய கடல்மணல் அதன் துளைகளை அடைத்துவிடும், கழுவ வேண்டுமென்றால் தொட்டியையே கலைக்க வேண்டும்.

படி 3: உள்ளே எதை நிரப்புவது?

ஹேங் ஆன் ஃபில்டருடன் வரும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிடுங்கள். தண்ணீர் வரும் வரிசையில், முதலில் கரடுமுரடான ஸ்பாஞ்ச், அடுத்து வெள்ளைப் பஞ்சு, அதன் பிறகு ஒரு சிறு வலைப்பையில் ஆக்டிவேட்டட் கார்பன். இடம் மிஞ்சினால் செராமிக் வளையங்கள்.

வெள்ளைப் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை தூக்கி எறியுங்கள். கழுவித் திரும்பப் போட வேண்டாம், மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிக்கொண்டால் செலவு மிகக் குறைவு. பஞ்சில் சிக்கிய தீனியும் கழிவும் அழுகுவதற்குள் வெளியே போய்விடுகின்றன. இந்த ஒரு பழக்கம் விலை உயர்ந்த பல சாதனங்கள் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. ஸ்பாஞ்சையும் வளையங்களையும் மட்டும் எறியக்கூடாது, குழாய்த் தண்ணீரிலும் கழுவக்கூடாது. குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும்.

கார்பன் தண்ணீரின் மஞ்சள் சாயலையும் வாடையையும் எடுக்கும். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்களைத் தொடக்கத்தில் வாங்க வேண்டியதில்லை. பாசி தொல்லை தந்தால், சோதித்துப் பார்த்துவிட்டு அப்போது வாங்கலாம்.

உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சிறு ஸ்பாஞ்சை மாட்டுங்கள். நத்தையும் சிறு இறாலும் உள்ளே போகாமல் இருக்கும்.

படி 4: ஸ்கிம்மர் வேண்டுமா?

உப்புத் தண்ணீரில் காற்றுக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடிப்பொடியாக நிற்கும். அலை உடையும் இடத்தில் கடல் பால்போல வெளுப்பது அதனால்தான். புரதமும் கொழுப்பும் அந்தக் குமிழ்களின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி, மேலேயுள்ள கப்பில் வழிந்து விழும். ஸ்கிம்மரின் வேலை அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு சிறப்பு உண்டு. பஞ்சு பிடித்த அழுக்கை நாம் எடுக்கும்வரை அது தண்ணீருக்குள்ளேயே அழுகிக்கொண்டிருக்கும். ஸ்கிம்மர் பிடித்ததோ அமோனியா ஆவதற்கு முன்பே தண்ணீரைவிட்டு வெளியேறிவிடுகிறது. கூடவே ஆக்சிஜனும் ஏற்றிவிடுகிறது.

என் கருத்து இது: 75 லிட்டரில் இரண்டு சிறிய மீன்கள், வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் பழக்கம் என்றால் ஸ்கிம்மர் இல்லாமலே தொடங்கலாம். மூன்றாவது மீன் வரும் என்றால், அல்லது வேலை நிமித்தம் அடிக்கடி ஊருக்குப் போகிறவர் என்றால் வாங்கிவிடுங்கள். பெட்டியில் '200 லிட்டர் வரை' என்று போட்டிருந்தால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்ப் இல்லாதவர்கள் விளிம்பில் தொங்கும் வகையைத்தான் வாங்க முடியும். ஃபில்டரும் ஸ்கிம்மரும் விளக்கும் ஒரே 60 செ.மீ. விளிம்பில் உட்கார வேண்டும், அதையும் அளந்து பாருங்கள்.

புதிய ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காக நுரைக்காது. பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்காதீர்கள், உள்சுவரில் மெல்லிய படலம் படிந்த பிறகு சரியாகிவிடும். கப்பில் விழுவது டிக்காஷன் நிறத்தில் இருந்தால் சரியாக ஓடுகிறது. வெறும் வெளிறிய தண்ணீராக நிறைந்தால் நுரைமட்டத்தைக் குறைக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் படியும் பிசுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துவிடுங்கள். பிசுக்கு ஏறினால் நுரை அங்கேயே உடைந்து கீழே இறங்கிவிடும்.

படி 5: ஓட்டம்

ஃபில்டரின் ஓட்டம் மட்டும் பாறையின் பின்பக்கம் வரை போகாது. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் ஒரு சிறிய வேவ்மேக்கர் பம்ப் தேவை. மீன் மட்டும் என்றால் எல்லாச் சாதனமும் சேர்ந்து மணிக்குத் தொட்டியின் அளவைப்போல 10 முதல் 15 மடங்கு, அதாவது 750 முதல் 1,100 லிட்டர் ஓடினால் போதும். பின்னால் மென்பவளம் வைக்கும் எண்ணம் இருந்தால் 20 மடங்குக்கு மேல் திட்டமிடுங்கள். வேவ்மேக்கரை மேற்பரப்பை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். எண்ணெய்ப் படலம்போல எதுவும் மேலே நிற்காமல் தண்ணீர் மினுங்கிக்கொண்டே இருந்தால் சரி.

படி 6: உப்பும் கரண்டும்

கடையில் பம்பைக் கையில் வாங்கியதும் முன்மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் காந்தத்தை உருவிப் பாருங்கள். நடுவே இருக்கும் ஊசிபோன்ற தண்டு வெள்ளையாக இருந்தால் செராமிக். பளபளவென்று இருந்தால் எஃகு. நன்னீரில் எஃகுத் தண்டு வருடக்கணக்கில் ஓடும், கடல்நீரில் சில மாதங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கலாம். ஸ்டீல் ஸ்குரூ, இரும்பு கிளிப், செம்பு என்று எதுவும் தண்ணீரைத் தொடக்கூடாது. செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

எல்லா வயரும் பிளக்குக்குப் போவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே தானாக அணையும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். உப்புத் தண்ணீரில் கையை விடும் வேலை இது, இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

கரண்ட் போனால் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் வேவ்மேக்கரை அதில் இணைத்துவிடலாம், அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பம்ப் உறுமும், சூடாகும். சைன் வேவ் நல்லது.

படி 7: தண்ணீரே அழுக்காக இருந்தால்?

சென்னையில் கடலோரப் பகுதி போர் தண்ணீரின் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். அதில் கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கரைத்துவிட்டு எந்த ஃபில்டர் வாங்கினாலும் பழுப்புப் பாசி போகாது. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தில் சுவைக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் ஒரு திருகு இருக்கும். அதை முழுக்க மூடி, டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். அதற்குப் பின்னால் மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் மணிகள் நிரப்பிய குழாய் ஒன்றையும் சேர்த்தால் பூஜ்யம் வரை இறக்கலாம். அடையாறு, கூவம் முகத்துவாரங்கள் பக்கம் கரையிலிருந்து கடல்நீர் முகந்துவருவதை நினைக்கவே வேண்டாம்.

ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும். கோடையில் விசிறி வைத்தால் ஒரு நாளில் இரண்டு லிட்டர் வரை குறையும். மூன்று நாள் கவனிக்காவிட்டால் 75 லிட்டர் 69 ஆகி, லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 38-ஐத் தொடும். தினமும் நல்ல தண்ணீரால் ஈடுகட்டுங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. மட்டம் இறங்கினால் ஹேங் ஆன் ஃபில்டரும் காற்றை உறிஞ்சிச் சத்தம்போடும், அதுவே ஒரு நினைவூட்டல்.

படி 8: ஓடவிட்டுக் காத்திருங்கள்

எல்லாவற்றையும் பொருத்தி, உப்பின் அளவைக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வரும்படி உப்புக் கலந்து, மீன் இல்லாமல் ஓடவிடுங்கள். கொஞ்சம் அமோனியாக் கரைசல் விட்டால் பாக்டீரியா பெருகத் தொடங்கும். முதலில் அமோனியா ஏறும், பிறகு நைட்ரைட், கடைசியில் நைட்ரேட். உலர் பாறையில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். விட்ட அமோனியா ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். இந்த வாரங்களில் ஒருநாள் வேண்டுமென்றே மெயின் சுவிட்சை ஒரு மணி நேரம் அணைத்துப் பாருங்கள். எது தானாகக் கிளம்புகிறது, எது கிளம்பவில்லை, எங்கே ஈரம் கசிகிறது என்பது மீன் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பிறகு வாரம் 7.5 லிட்டர் தண்ணீர் மாற்றுவது. முந்தின நாள் இரவே ஒரு வாளி ஆர்.ஓ. தண்ணீரில் 300 கிராமுக்குச் சற்றுக் குறைவாக அதே தொட்டி உப்பைப் போட்டு, சிறு பம்ப் ஒன்றைக் கலக்கவிடுங்கள். காலையில் அளந்து சரிசெய்து ஊற்றினால் அரை மணி நேர வேலை. விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடைப்பதும் அதில் அடக்கம்.

முதல் மீனாக, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடியைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியிலேயே பிறந்தவை என்பதால் உலர் தீனியை உடனே எடுத்துக்கொள்ளும். வந்த முதல் வாரம் தினமும் மாலையில் அமோனியா பாருங்கள். சோதனைக் குழாயில் லேசாகப் பச்சை தட்டினால் அன்றைக்குத் தீனியை நிறுத்தி, பஞ்சை மாற்றி, பத்து லிட்டர் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள்.